ஊரை விட்டு ஓடிய பானகம்

தி. நகரில் முகூர்த்த நாள் மாலை எந்தக் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தாலும் பன்னீர், சந்தனம், கல்கண்டு தாண்டியதும் ஒரு தட்டு நம் முன்னால் நீளும். தட்டில் விரல் உயரத்துக்குச் சின்னத் தம்ளர்கள். உள்ளே ஆரஞ்சும் இல்லாமல் சிவப்பும் இல்லாமல் ஒரு நிறம். சமையல் காண்டிராக்டரின் பட்டியலில் ‘வெல்கம் டிரிங்க்’ என்ற தலைப்புக்குக் கீழே அது ‘ஃப்ரூட் பஞ்ச்’ என்று எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலும் ஸ்குவாஷ், சர்க்கரைப் பாகு, அன்னாசி எசன்ஸ், நிறத்துக்கு ஒரு சிரப். அதில் பழம் எத்தனை சதவீதம் என்று யாரும் கேட்பதில்லை. பெண் வீட்டாரின் கௌரவம் அது.

அங்கிருந்து கொஞ்சம் கிழக்கே வந்தால் மயிலாப்பூர். பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், அறுபத்துமூவர் உற்சவம். கபாலீசுவரர் கோயிலைச் சுற்றிய நான்கு மாட வீதிகளிலும் நாயன்மார்கள் பல்லக்கில் வலம் வரும் அந்தப் பிற்பகலில், கடை வாசலிலும் வீட்டுத் திண்ணையிலும் அண்டா வைத்து ஊற்றுகிறார்கள். ஒரு இடத்தில் நீர்மோர், அடுத்த இடத்தில் ரோஸ்மில்க், அதற்கடுத்து பானகம். வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய், தண்ணீர். குடிப்பவர் யார், எங்கிருந்து வந்தார் என்று ஊற்றுகிறவருக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. கை நீட்டினால் தம்ளர் வரும்.

இந்த இரண்டு பானமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பது என் கட்சி. மூத்தது ஊரோடு தங்கிவிட்டது. இளையது சாராயத்தோடு சேர்ந்து கப்பலேறி, உலகத்தைச் சுற்றி, நாலு நூற்றாண்டு கழித்து அடையாளம் தெரியாத வேஷத்தில் தி. நகருக்குத் திரும்பியிருக்கிறது. இதற்குப் பிறப்புச் சான்றிதழ் எதுவும் என் கையில் இல்லை. சரக்குப் பட்டியலையும் இடத்தையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் இடம். 1632 செப்டம்பரில் ராபர்ட் ஆடம்ஸ் என்ற ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆள், பெட்டபோலி பண்டகசாலையில் இருந்த தாமஸ் காலி என்பவருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆங்கிலத்தில் ‘பஞ்ச்’ என்ற குடிவகையைப் பற்றிக் கிடைத்திருக்கும் மிகப் பழைய குறிப்பு அந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது. பெட்டபோலி என்பது இன்றைய நிஜாம்பட்டினம்; ஆந்திரக் கடற்கரையில், கிருஷ்ணா கழிமுகத்துப் பக்கம். சென்னைப் பட்டினத்தில் கோட்டை கட்ட இடம் கிடைக்க அப்போது இன்னும் ஏழு வருஷம் பாக்கி. அந்தக் கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குள் போனால் மங்களகிரி. அங்கே மலை மேல் இருக்கும் நரசிம்மருக்குப் பெயரே பானகால நரசிம்மர். சங்கில் மொண்டு சுவாமியின் திருவாயில் பானகத்தை ஊற்றுகிறார்கள். பாதியை ஏற்றுக்கொண்டு மீதியைப் பக்தருக்குத் திருப்பித் தருகிறார் என்பது நம்பிக்கை. இவ்வளவு வெல்லத் தண்ணீர் புரளும் இடத்தில் எறும்பு மொய்ப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்வார்கள். ஆக, தெய்வமே பானகம் குடிக்கும் வட்டாரத்தில், வெயிலில் வாடிக்கொண்டிருந்த வெள்ளைக்கார வியாபாரிகளின் கடிதத்தில் பஞ்ச் முதலில் தலை காட்டுகிறது.

பெயரைப் பற்றி ஒரு பழைய சண்டை உண்டு. ஐந்து பொருள் சேர்வதால் ‘பஞ்ச’ என்பதிலிருந்து வந்தது என்று ஒரு கட்சி, இல்லை என்று ஒரு கட்சி. நான் அதற்குள் போகவில்லை. அண்டாவுக்குள் என்ன போனது என்பதுதான் முக்கியம்.

1638இல் சூரத்துக்கு வந்த மண்டெல்ஸ்லோ என்ற ஜெர்மானியர், அங்கிருந்த ஆங்கிலேயர்கள் சாராயம், பன்னீர், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை கலந்து குடித்ததை எழுதி வைத்தார். சில பத்தாண்டு கழித்து பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர் வங்காளத்தில் பார்த்தது: நாட்டுச் சர்க்கரையில் வடித்த சாராயம், எலுமிச்சை, தண்ணீர், கொஞ்சம் ஜாதிக்காய். குடிக்க இதம், உடம்புக்குக் கேடு என்பது அந்த வைத்தியரின் தீர்ப்பு. இனிப்பு, புளிப்பு, மணச்சரக்கு, தண்ணீர். இந்த நாலையும் எழுதிவிட்டுச் சாராயத்தை மட்டும் கையால் மறைத்துப் பாருங்கள். ராமநவமிக்கு வீட்டில் கரைப்பது தெரியும்.

வெள்ளைக்காரன் ஏன் இதைக் கலந்தான் என்பதற்குப் பெரிய காரணம் தேட வேண்டாம். இங்கிலாந்தில் ஏற்றிய பீர் பீப்பாய் வெப்பக் கடலைத் தாண்டுவதற்குள் புளித்தது. திராட்சை மதுவும் தாங்கவில்லை, விலையும் அதிகம். கரையில் கிடைத்தது அரக்கு என்ற சாராயம் ஒன்றுதான். அதிலும் சாதிகள் உண்டு. கோவாவிலும் கொழும்பிலும் தென்னங்கள்ளை வடித்தார்கள். ஜாவாவின் பத்தாவியாவில் கரும்பு மொலாசஸையும் செவ்வரிசியில் வளர்த்த ஈஸ்ட்டையும் சேர்த்தார்கள். நம் பக்கத்தில் வெல்லத்தை வெள்வேலம் பட்டையோடு ஊறப்போட்டு வடித்தது பட்டைச் சாராயம். இதில் எதையும் நேரடியாகத் தொண்டையில் இறக்க நெஞ்சு வேண்டும். உள்ளூர்க்காரன் வெயிலுக்குக் குடித்துக்கொண்டிருந்த இனிப்பு எலுமிச்சைத் தண்ணீரில் அதை ஊற்றினால் காரம் அடங்கும், அளவு பெருகும், பத்துப் பேர் ஒரே பாத்திரத்தைச் சுற்றி உட்காரலாம். ஊரை விட்டு ஆறு மாதக் கடல் தூரத்தில் கிடந்த இளைஞர்களுக்கு இந்தக் கடைசி விஷயம் லேசானதல்ல.

சென்னையில் அது எல்லை மீறியது சீக்கிரமே தெரிகிறது. 1678இல் கவர்னராக இருந்த ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் கோட்டைக்குள் ஓர் ஒழுங்கு விதி போட்டார். ஒரே அமர்வில் ஒருவர் அரை பைன்ட் அரக்கு அல்லது பிராந்திக்கும், ஒரு குவார்ட் ஒயினுக்கும் மேல் குடிக்கக் கூடாது. மீறினால் ஊற்றிக்கொடுத்த வீட்டுக்காரருக்கு ஒரு வராகன், குடித்த விருந்தாளிக்கு 12 பணம் அபராதம். அரை பைன்ட் என்பது ஏறத்தாழ கால் லிட்டர். அதைத்தான் ‘அடக்கமான’ அளவு என்று வைத்திருக்கிறார்கள். விதி வருகிறது என்றால் அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு இளையவன் கப்பலேறினான். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பாதியில் லண்டனில் பஞ்ச் பணக்காரர் பண்டம். சர்க்கரை, எலுமிச்சை, ஜாதிக்காய், அரக்கு எல்லாமே கடல் கடந்து வர வேண்டியவை. நமக்கு மூலைக்கடைச் சாமான், அவர்களுக்கு வெள்ளித் தட்டில் வைக்கும் சாமான். அதைக் கலக்கச் சீனாவிலிருந்து பீங்கான் கிண்ணம் வரவழைத்தார்கள். நம் அண்டாவின் இடத்தில் ‘பஞ்ச் போல்’ வந்தது. 1731இல் ஜேம்ஸ் ஆஷ்லி என்பவர் லட்கேட் ஹில்லில் ஒரு கடை திறந்து, சிறு சிறு அளவில் நிர்ணய விலைக்கு விற்றதில் அது நடுத்தர வீட்டுக்கும் இறங்கியது. அடுத்த வருஷம் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் மீன்பிடிக்கும் கனவான்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். அவர்களுடைய ‘ஃபிஷ் ஹவுஸ் பஞ்ச்’ இன்றைக்கும் பெயர் பெற்றது: ரம், காக்னாக், பீச் பிராந்தி, எலுமிச்சை, சர்க்கரை. மணச்சரக்கு அந்தக் கட்டத்திலேயே உதிரத் தொடங்கிவிட்டதைக் கவனியுங்கள்.

ஸ்வீடன் கதை எனக்குப் பிடித்தது. அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனி 1731இல் தொடங்கியது. முதல் கப்பல் 1733இல் கோதன்பர்க் திரும்பியது. அந்தக் கப்பல் போக்குவரத்தில் அந்நாட்டுக்குப் பத்தாவியா அரக்கு அறிமுகமாகி, ‘புன்ஷ்’ என்று தேசியப் பானமாகவே ஆகிவிட்டது. குளிர் நாடு ஆயிற்றே, சூடாக்கிக் குடிப்பார்கள். வியாழக்கிழமை பட்டாணி சூப்புக்கு அதுதான் துணை. வெயிலை ஆற்றப் பிறந்த ஒன்று பனியில் உடம்பைச் சூடாக்கப் போய்ச் சேர்ந்தது. நம் மிளகுத் தண்ணீரும் இப்படித்தான் ‘முல்லிகடானி’ ஆகி, இறைச்சி, ஆப்பிள் எல்லாம் போட்ட சூப்பாக லண்டன் மேஜையில் உட்கார்ந்தது. நம் ஊர் நீர்ப்பண்டங்களுக்கு வெளியூரில் கெட்டிப்படுகிற ராசி போலிருக்கிறது.

அரக்கு தூரத்துப் பொருள். கரீபியன் தீவுகளில் கரும்பாலைக் கழிவில் வடித்த ரம் அட்லாண்டிக்கின் எல்லாத் துறைமுகத்திலும் மலிவாகக் குவிந்தபோது பஞ்சின் சாராயம் மாறியது. அந்தக் கரும்பை முதலில் வெட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். அடிமை முறை ஒழிந்த பிறகு ஆள் தேடி பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள் எட்டிப் பார்த்தது நம் கரையை. 1853 மே மாதம் ‘ஒரேலி’ என்ற கப்பல் பாண்டிச்சேரியிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை மார்த்தினிக்கில் இறக்கியது. 1854 டிசம்பரில் அதே கப்பல் குவாதலூப்புக்கு ஆள் கொண்டுபோனது. அந்தத் தீவுகளின் அன்றாடக் குடி ‘தி பஞ்ச்’: ரம், எலுமிச்சை, கரும்புப் பாகு, அவ்வளவுதான். தமிழர் வெட்டிய கரும்பு அதில் ரம்மாகவும் போனது, பாகாகவும் போனது. அங்கே அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தமிழை இழந்தும் மாரியம்மனை விடவில்லை. ‘மல்தேவிதன்’ என்ற பெயரில் மதுரை வீரனுக்கும் கொடை நடத்துகிறார்கள். மதுரை வீரனுக்குச் சாராயம் படைக்காமல் எப்படி? படைக்கிறார்கள், அங்கே கிடைக்கிற ரம்.

இந்தச் சுற்றில் ஒன்றை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். சுக்கு, ஏலம் இரண்டும் காணாமல் போயின. ஜாதிக்காய் மேலே தூவும் அலங்காரமாகச் சுருங்கியது. வெல்லம் வெள்ளைச் சர்க்கரை ஆனது. நாக்கைக் கிள்ளும் எதுவும் மிச்சமில்லை.

சென்னைக்குத் திரும்பினால், இங்கே காலம் மாறிவிட்டிருந்தது. பஞ்சுக்கு இல்லாதிருந்த ஒரே ஒரு பொருள், பனிக்கட்டி, பஞ்ச் பழசான பிறகுதான் வந்து சேர்ந்தது. பாஸ்டன் வியாபாரி ஃபிரடெரிக் டியூடர் மாசசூசெட்ஸ் ஏரிகளில் உறைந்த பனியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, 1833இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதக் கடற்பயணம். 180 டன் ஏற்றி ஏறத்தாழ 100 டன் மிஞ்சியது. அந்த வியாபாரத்துக்காகச் சென்னைக் கடற்கரையில் 1842இல் எழுந்த கிடங்குதான் ஐஸ் ஹவுஸ். பிறகு பிலிகிரி ஐயங்கார் கைக்குப் போய், 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் தங்கி, இப்போது விவேகானந்தர் இல்லம். பஸ் கண்டக்டருக்கு இன்றும் ஐஸ் ஹவுஸ்தான். 1870களில் சென்னையிலேயே இயந்திரத்தில் பனிக்கட்டி தயாரிக்கத் தொடங்கியதும் அமெரிக்கப் பனிக்கு வேலை இல்லாமல் போயிற்று.

பனியும் சோடாவும் கையில் கிடைத்த வெள்ளைக்காரர் பொதுக் கிண்ணத்தை விட்டு எழுந்துவிட்டார். ஆளுக்கு ஒரு கிளாஸ், விஸ்கி, சோடா. டிக்கன்ஸ் 1847இல் ஒரு கடிதத்தில் பஞ்ச் செய்முறையை விலாவாரியாக எழுதியபோதே அது பழைய காலத்துப் பாசமாகிவிட்டிருந்தது. சென்னையில் 1832இல் தொடங்கிய மெட்ராஸ் கிளப்பும், அடையாற்றங்கரையில் மௌப்ரே என்பவரின் பழைய மாளிகையில் 1890இல் வந்த அடையாறு கிளப்பும் பெரும்பாலும் அந்தப் புது யுகத்தின் பிள்ளைகள். இரண்டும் 1963இல் இணைந்து அந்த ஆற்றங்கரை மாளிகையிலேயே இருக்கின்றன. நெடுங்காலம் அந்தப் படிகளில் இந்தியர் ஏற முடிந்தது பட்லராக மட்டுமே. மாட வீதி அண்டாவுக்கும் கிளப் கிண்ணத்துக்கும் உள்ள வித்தியாசம் செய்முறையில் இல்லை, வாசல் கதவில் இருந்தது.

இனி சட்டம். ராஜாஜி அரசு 1937 அக்டோபர் 1ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948க்குள் மாகாணம் முழுவதும் வறண்டது. பர்மிட் வைத்திருந்தவர் வீட்டைத் தவிர, விருந்து என்றால் ஸ்குவாஷ், ரோஸ்மில்க், கோலி சோடா, பன்னீர் சோடா. சாராயம் கழித்த பஞ்சுக்கு இதைவிட வசதியான ஊர் கிடைக்காது: நாகரிகமான பெயர், பாட்டியும் குடிக்கலாம். கருணாநிதி அரசு 1971இல் விலக்கைத் தளர்த்தி 1974இல் திரும்பக் கொண்டுவந்தது, எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1983இல் டாஸ்மாக் வந்தது. 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளும் அதன் கைக்குப் போயின. இடையில் 1987இலிருந்து கள்ளும் சாராயமும் விலக்கப்பட்டன. ரம், பிராந்தி, விஸ்கி அரசாங்கமே விற்கும். பஞ்சின் தாய்ச்சரக்கான கள்ளில் வடித்த அரக்கு, தென்னையும் பனையும் நிறைந்த தமிழ்நாட்டில் சட்டப்படி கிடையாது. இலங்கையில் அது கௌரவமாகப் பாட்டிலில் விற்கிறது. இங்கே சாராயம் என்ற சொல்லைக் கேட்டால் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்ததைக் குடித்து இறந்த அறுபதுக்கும் மேற்பட்டவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். அரக்கு பற்றி ஆசையாக எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆகவே தி. நகரின் அந்தத் தம்ளரில் இருப்பது என்னவென்றால், காரம் கழிந்து, சாராயம் கழிந்து, கடைசியில் பழமும் கழிந்து நின்ற சர்க்கரை. அதைக் குறை சொல்லிக்கொண்டிருப்பதைவிட அடையாற்றிலோ பெசன்ட் நகரிலோ ஒரு மே மாத மாலையில், மொட்டை மாடியில் இருபது பேருக்கு ஒழுங்காகக் கலப்பது எப்படி என்று சொல்வது பிரயோஜனம்.

வெல்லத்தில் தொடங்க வேண்டும். பளபளவென்று மஞ்சளாக இருக்கும் அச்சு வெல்லத்தைத் தள்ளுங்கள். நிறத்துக்கு ஹைட்ரோஸ் போட்டது. கறுத்து, கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கிற உருண்டை வெல்லமோ கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையோ எடுத்துக்கொள்ளுங்கள். கவுந்தப்பாடிச் சர்க்கரைதான் பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகிறது, அதைவிடச் சிபாரிசு வேண்டாம். ஐந்து லிட்டருக்கு ஒரு கிலோ. ஒரு லிட்டர் வெந்நீரில் கரைத்து வடிகட்டினால் அடியில் மண்ணும் சக்கையும் நிற்கும். பாகு நன்றாக ஆற வேண்டும். சூட்டில் எலுமிச்சை பிழிந்தால் மணம் போய்க் கசப்பு ஏறும்.

மணச்சரக்குக்கு மயிலாப்பூர் கச்சேரி ரோடு நாட்டு மருந்துக் கடைகள் இருக்கின்றன. முழு சுக்காக வாங்கித் தட்டினால்தான் காரம் உண்டு. பாக்கெட் தூள் பாதி மாவு. இரண்டு மேஜைக்கரண்டி சுக்குத் தூள், பத்துப் பன்னிரண்டு ஏலக்காய், ஒரு தேக்கரண்டி மிளகு ஒன்றிரண்டாக உடைத்தது, ஒரு சிட்டிகை ஜாதிக்காய். எல்லாவற்றையும் வெல்லப் பாகிலேயே அரை மணி ஊறவிட்டு மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். கொஞ்சம் உப்பு, மறக்கக் கூடாது. பச்சைக் கற்பூரம் போடுகிறவர்கள் உண்டு. கோயில் பானகத்துக்கு அது அழகு. பழம் சேர்க்கும்போது நான் போடுவதில்லை, எல்லா மணத்தையும் அது அமுக்கிவிடும்.

புளிப்புக்குப் பதினைந்திலிருந்து இருபது எலுமிச்சை. கரீபியத் தீவுகளில் புளிப்புக்கு இரண்டு மடங்கு இனிப்பு, மூன்று மடங்கு ரம், நான்கு மடங்கு தண்ணீர் என்று ஒரு கணக்கு வழங்குகிறது. சென்னை வெயிலுக்கு அது சரிப்படாது. நாம் கேட்பது தாகம் தீர. தண்ணீர் அதைவிட எத்தனையோ மடங்கு வேண்டும்.

பழம் என்றதும் எல்லோரும் மாம்பழத்துக்குப் போகிறார்கள். பங்கனபள்ளியைக் கரைத்தால் பானம் கஞ்சியாகக் கெட்டியாகும். அதை வெட்டித் தட்டில் வையுங்கள். அண்டாவுக்கு உகந்தது நீராக இறங்கும் பழம். கம்பத்துப் பன்னீர் திராட்சை அரை கிலோவைக் கையால் பிசைந்து, கொட்டையும் தோலும் வடிகட்டிச் சேர்த்தால் நிறமும் வரும், வாசனையும் வரும். எசன்ஸ் பாட்டில் எடுக்கவே வேண்டாம். ஒரு அன்னாசியைப் பொடியாக நறுக்கிச் சாற்றோடு போடலாம். எல்லாவற்றுக்கும் மேல் நுங்கு. ஏப்ரல், மே மாதங்களில் தெருமுனை வண்டியில் சீவித் தருவார்கள். இளசாகப் பார்த்து, தோல் உரித்து, நாலாக நறுக்கிக் கடைசியில் மிதக்க விட வேண்டும். லண்டன் கிண்ணத்திலும் ஃபிலடெல்ஃபியாக் கிண்ணத்திலும் இது இருந்ததில்லை, பாவம்.

பாத்திரம் எவர்சில்வர் அண்டாவாக இருக்கட்டும். பாட்டி வீட்டுப் பித்தளை அண்டாதான் படத்துக்கு அழகு, ஆனால் ஈயம் பூசாததில் எலுமிச்சை பட்டால் களிம்பேறும். ஐஸ் க்யூப் கொட்டாதீர்கள். பத்து நிமிஷத்தில் உருகி எல்லாம் தண்ணீராகும். முந்தின இரவே ஒரு பெரிய டிபன் டப்பாவில் தண்ணீர் ஊற்றி, உள்ளே துளசியோ எலுமிச்சை வில்லையோ போட்டு உறைய வையுங்கள். பெரிய கட்டி மெதுவாகத்தான் கரையும். டியூடரின் வியாபாரமே அந்த ஒரு உண்மையின் மேல் நின்றது. தம்ளரும் எவர்சில்வரே நல்லது. 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை என்பது ஒரு பக்கம், பிளாஸ்டிக் தம்ளரில் எதுவும் ஜில்லென்று இருப்பதாக நாக்குக்குத் தெரியாது என்பது இன்னொரு பக்கம்.

சாராயம் வேண்டுமா என்பது அவரவர் வீட்டு விவகாரம். வேண்டும் என்றால் கறுப்பு ரம் ஒன்றுதான் வெல்லத்தோடு சண்டை போடாது. ஜின் சுக்கிடம் தோற்கும், விஸ்கி எலுமிச்சையிடம். அதை அண்டாவில் ஊற்ற வேண்டாம் என்பேன். மாமியும் குழந்தைகளும் வந்து மொள்கிற அண்டா அது. பாட்டிலைத் தனியே ஒரு மேஜையில் வைத்து, அளவுக் கிண்ணம் ஒன்றைப் பக்கத்தில் வைத்தால், வேண்டியவர் முப்பது மில்லி தன் தம்ளரில் ஊற்றிக்கொண்டு மேலே பானகம் நிரப்பிக்கொள்வார். இனிப்பும் குளிர்ச்சியும் சாராயத்தின் சுவடே தெரியாமல் இறக்கிவிடும். அளவுக்கு ஒரு ஆள் காவல் வேண்டும், கீழே கார் சாவியை வாங்கி வைக்க இன்னொரு ஆள். ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் வீட்டுக்காரர் தலையில் அபராதத்தைப் போட்டதில் நியாயம் இருக்கிறது.

கலந்ததை அன்று ராத்திரியே தீர்த்துவிட வேண்டும். மிஞ்சினால் ஃபிரிட்ஜில் இடம் தேடுங்கள். வெல்லம், திராட்சை, தண்ணீர், சென்னையின் மே மாத இரவு; இந்த நாலும் ஒரு மூடி போட்ட அண்டாவுக்குள் கிடந்தால் காலையில் மேலே மெல்லிய நுரை கட்டி, புளித்த வாசனை எட்டிப் பார்க்கும். பட்டைச் சாராயம் வடித்தவர்கள் வேண்டுமென்றே செய்த வேலையை அது தானாகவே தொடங்கியிருக்கும். அந்த நிலையில் அதற்கு ஊறல் என்று பெயர், போலீஸார் மலையடிவாரங்களில் பேரல் பேரலாகக் கொட்டி அழிப்பது அதன் பெரிய உருவத்தைத்தான். 1937ஆம் வருஷத்துச் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. காலைக் காப்பிக்கு முன்னால் மாமரத்து வேரில் ஊற்றிவிட்டு அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள்.